தராசுக்கு வராத மீன்

ஒரு நாடு ஒரு வருடத்தில் இத்தனை தொன் கடல்மீன் பிடித்தது என்று செய்தியில் வரும். கடலிலிருந்து எடுக்கப்பட்ட மீன் முழுவதும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது கரைக்கு வந்து, யாரோ ஒருவர் பார்த்து எழுதிவைத்த மீனின் கணக்கு. வலையில் பட்டு, செத்து, கடலிலேயே திரும்பக் கொட்டப்பட்ட மீன் அதில் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பாறையில் உட்கார்ந்து தூண்டில் போட்டவர் பையில் கொண்டுபோன மீனும் கிடையாது.

இந்த இரண்டையும் எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உதாரணங்களைத் திருகோணமலையிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். கரைவலையிலிருந்து பலநாள் படகுவரை பல வகைத் தொழிலும் நம் கரையில் இருக்கிறது.

முதலில், வழமையான கணக்கு எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். கொட்பே துறைமுகத்தில் பலநாள் படகுகள் மீன் இறக்குகின்றன. திருக்கடலூர், சல்லி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை, இந்தப் பக்கம் கிண்ணியா, மூதூர் என்று கரை நெடுக ஃபைபர் படகுகளும் வள்ளங்களும் வந்து சேரும் இடங்கள். எல்லாப் படகையும் எல்லா நாளும் மறித்து நிறுக்க எந்த அரசாலும் முடியாது. ஆகவே சில நாள், சில இடம், சில படகு என்று தெரிந்தெடுத்துப் பார்க்கிறார்கள். ஒரு படகு ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு கொண்டுவருகிறது என்று அதிலிருந்து ஓர் எண் கிடைக்கும். அதை எத்தனை படகு, எத்தனை நாள் கடலுக்குப் போயின என்பதால் பெருக்கினால் மொத்தம். கடற்றொழில் திணைக்களமும், நீர்வாழ் வளங்களை ஆராயும் அரசாங்க நிறுவனமான நாராவும் இப்படிச் சேர்க்கும் தரவுகளிலிருந்து நாட்டின் எண் வருகிறது. அதுவே ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்துக்கும் போகிறது. அந்த நிறுவனம் 1950ஆம் ஆண்டிலிருந்து உலக நாடுகளின் மீன்பிடிக் கணக்கைத் தொகுத்து வைத்திருக்கிறது.

ஆக, கரையில் வந்த மீனே முழுசாக எண்ணப்படுவதில்லை, அதுவும் ஒரு மதிப்பீடுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடலில் கொட்டிய மீனை மதிப்பிடுவது பற்றிப் பேசியதும் “அதெல்லாம் ஊகம்” என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அரசாங்க அட்டவணையில் உள்ள எண்ணும் மாதிரி எடுத்துப் பெருக்கி வந்த எண்தான். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றுக்குத் தரவு கூட, மற்றதற்குக் குறைவு.

இன்னொரு விஷயம். உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணையில் கடலில் கொட்டிய மீன் இல்லாமல் போனது மறதியால் அல்ல. கரைக்கு வந்த மீனை, அது முழு மீனாக இருந்தபோதைய எடைக்கு மாற்றித் தரும்படிதான் நாடுகளிடம் அது கேட்கிறது. தலை வெட்டி, குடல் எடுத்து, கருவாடாக வந்தாலும் பச்சை மீனின் எடைக்கு மாற்றிவிடுவார்கள். கொட்டியது அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறது. பிரச்சினை எங்கே என்றால், அட்டவணையைப் பயன்படுத்துபவர்கள் அந்த வரையறையை வாசிப்பதில்லை. கட்டம் வெறுமையாக இருந்தால் அதைப் பூச்சியம் என்று எடுத்துக் கூட்டிவிடுகிறார்கள். கடைச் சிட்டை உள்ள செலவை மட்டும் எழுதிவிட்டு, சந்தையில் கைக்காசு கொடுத்து வாங்கியதெல்லாம் செலவே இல்லை என்று மாதக் கணக்கை முடிப்பதைப் போன்றது இது. பூச்சியமும் ஒரு மதிப்பீடுதான். பெரும்பாலான நேரம் இருப்பதிலேயே மோசமான மதிப்பீடு அதுதான்.

ஏன் கொட்டுகிறார்கள்

நம் பக்கத்தில் மீனை வீசுவது குறைவு. காசாகாத சின்னக் காரலும் கருவாடாகிவிடும், இல்லாவிட்டால் கோழித் தீனிக்குப் போகும். “நாங்கள் ஒன்றையும் வீசுவதில்லை” என்று தொழிலாளர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. உலக அளவிலும் அப்படித்தான். உணவு விவசாய நிறுவனத்துக்காக 2005இல் கெல்லெஹெர் என்பவர் வெளியிட்ட கணக்கெடுப்பில், சிறுதொழில் மீன்பிடியில் மொத்தப் பிடியில் 3.7 சதவீதம்தான் கொட்டப்படுகிறது என்று வந்தது. கடலடியை வாரி இழுத்துவரும் வலைதான் இழுவைமடி; வெப்பமண்டல இறால் இழுவைமடியில் அதே எண் 62 சதவீதம்.

ஆனாலும் குறைவு என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. கரைவலையை இழுத்து மடியை அவிழ்த்தால் சொறி, பேத்தை, பாசி, விரல் நீளக் குஞ்சு என்று வரும். பேத்தையை யாரும் கூறு போட்டு விற்பதில்லை. நண்டு வலையில் சின்ன நண்டும் சிப்பியும் சங்கும் சிக்கும். வலையைச் சுத்தம் பண்ணும்போது அவை கழிந்துவிடும். ஆழ்கடலில் கிடக்கும் வலையில் சுறா கடித்துத் தின்ற பாதிச் சூரையை ஐஸில் வைத்து இடத்தை வீணாக்க யாரும் விரும்பமாட்டார்கள். பலநாள் படகுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஐஸ் அறை அளவானது. பயணத்தின் முதல் நாட்களில் விலை குறைந்த மீனைப் போட்டு நிரப்பிவிட்டு, கடைசியில் பெரிய சூரைக் கூட்டம் கண்ணில் பட்டால் என்ன செய்வது? முதலில் போட்டது கடலுக்குப் போகும்.

சட்டமே கொட்டச் சொல்வதும் உண்டு. உடம்பளவு நீண்ட வால் கொண்ட ஒரு வகைச் சுறாவைப் பிடிப்பதை இலங்கை 2012இல் தடை செய்தது. வலையில் தானாக வந்து சிக்கினால் விடவேண்டும், உயிரோடோ செத்தோ. அந்தச் சுறாவைக் காக்க அந்தச் சட்டம் தேவை. ஆனால் அன்றிலிருந்து அது எத்தனை சிக்குகிறது என்பது கரையில் நிற்பவருக்குத் தெரியாது. தடை வந்தவுடன் அட்டவணையில் எண் விழும். கடலில் சாவு அதே அளவுக்கு விழுந்ததா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இழுவைமடி பற்றி ஒரு வார்த்தை. இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. ஆனால் பாக்கு நீரிணை தாண்டி வரும் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வடகடலில் இழுத்து, வேண்டாததை வடகடலிலேயே கொட்டிவிட்டுப் போகின்றன. கரைக்குப் போனது இந்தியக் கணக்கில் ஏறும். கொட்டியது எந்தக் கணக்கிலும் ஏறாது, ஆனால் செத்தது நம் கடலில். அதனால் இப்படி மதிப்பிடுபவர்கள் இரண்டு கேள்வியையும் பிரித்துக் கேட்பார்கள்: எந்த நாட்டுப் படகு பிடித்தது, எந்த நாட்டுக் கடலில் பிடித்தது. ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றதற்குப் பொருந்தாது.

கொட்டியதை அளப்பது

அளக்க மூன்று நான்கு வழிதான் உண்டு. படகிலேயே ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம். படகோட்டியைப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். கமரா பூட்டலாம். ஒன்றுமே இல்லாவிட்டால் கரையில் உட்கார்ந்து விசாரிக்கலாம். ஆள் அனுப்புவது மிக நம்பகமானது, மிகச் செலவானது. அதிலும் ஒரு சிக்கல்: அதிகாரி ஒருவர் படகில் இருக்கிறார் என்று தெரிந்தால் தொழில் செய்யும் விதமே மாறிவிடும். அன்றைக்கு மட்டும் கொட்டுவது குறையும், போகும் இடமும் வேறாகும். பதிவேடு மலிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் இலங்கை மீனுக்குத் தடை போட்டு 2016இல் நீக்கிய கதைக்குள் பலநாள் படகுகளின் பதிவேடும் கண்காணிப்பும் முக்கியமாக இருந்தன. ஆனால் பதிவேடு வைத்திருப்பது ஒன்று, கொட்டியதை அதில் எழுதுவது இன்னொன்று. கையெல்லாம் மீன் வழுவழுப்போடு நிற்பவர் வீசியதை எழுதுவார் என்று நான் பெரிதாக எதிர்பார்க்கமாட்டேன்.

சரி, எப்படியோ கொஞ்சம் தரவு கிடைத்துவிட்டது என்று வைப்போம். இனி அதைப் பெருக்க வேண்டும். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது என்பதால் கொஞ்சம் மெதுவாகப் போவோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, எந்த ஊரின் உண்மை எண்ணும் அல்ல.

அடியில் படுக்கும் வலைத் தொழில் ஒன்றில் நான்கு பயணங்களைப் பார்த்தோம். கரைக்கு வந்தது 120, 80, 10, 190 கிலோ. கடலில் கொட்டியது 12, 10, 10, 8 கிலோ. அந்த வகை வலையால் வருடம் முழுவதும் கரைக்கு வந்தது 500 தொன் என்று அரசாங்க எண் சொல்கிறது. அப்படியானால் கொட்டியது எவ்வளவு?

ஒருவர் ஒவ்வொரு பயணத்துக்கும் விகிதம் எடுக்கிறார்: 10 சதவீதம், 12.5 சதவீதம், 100 சதவீதம், 4.2 சதவீதம். இதன் சராசரி கிட்டத்தட்ட 32 சதவீதம். 500 தொன்னுக்கு 158 தொன் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் முதலில் கூட்டுகிறார்: 400 கிலோ கரைக்கு, 40 கிலோ கடலுக்கு, ஆக 10 சதவீதம். 50 தொன் என்கிறார். தரவு ஒன்றே, விடையில் மூன்று மடங்கு வித்தியாசம். முதலாமவரை ஏமாற்றியது அந்த மூன்றாவது பயணம். பத்துக் கிலோ மட்டும் வந்த வெறும் நாளுக்கும் 190 கிலோ வந்த நாளுக்கும் அவர் சம மதிப்புக் கொடுத்துவிட்டார். கரைக்கு வந்த மொத்த எடையால் பெருக்கப்போகிறோம் என்றால் இரண்டாமவர் செய்ததுதான் சரி.

இப்போது தரவை இன்னொரு தரம் பாருங்கள். கரைக்கு வந்தது பத்திலிருந்து 190 வரை ஏறி இறங்குகிறது. கொட்டியதோ ஏறக்குறைய பத்துக் கிலோவிலேயே நிற்கிறது. அதாவது இந்தத் தொழிலில் கொட்டுவது எவ்வளவு பிடிபட்டது என்பதைப் பொறுத்தது அல்ல, எத்தனை தரம் வலை போட்டோம் என்பதைப் பொறுத்தது. அப்படியானால் பயணத்துக்கு 10 கிலோ என்று எடுத்து, வருடத்தில் 5,000 பயணம் என்றால் 50 தொன் என்று போடுவது இன்னும் பொருத்தம். விடை இந்த வருடம் ஒன்றாகத்தான் வருகிறது. அடுத்த வருடம் மீன்பாடு குறைந்து, அதே 5,000 பயணத்தில் 250 தொன்தான் கரைக்கு வந்தது என்றால் விகிதக்காரர் 25 தொன் கொட்டியதாகச் சொல்வார், பயணக்காரர் 50 தொன் என்பார். மீன் குறைந்த வருடத்தில் அழிவும் குறைந்தது என்று முதலாமவர் ஆறுதல் சொல்லிவிடுவார். அது பொய் ஆறுதல்.

சதவீதம் எதன் சதவீதம் என்பதிலும் கவனம் வேண்டும். மேலே கரைக்கு வந்த 400 கிலோவுக்கு 40 என்பதால் 10 சதவீதம் என்றோம். மொத்தம் பிடிபட்ட 440 கிலோவில் பார்த்தால் அதே 40 கிலோ 9.1 சதவீதம். சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். இறால் இழுவைமடியின் 62 சதவீதத்தை எடுங்கள். அது மொத்தப் பிடியின் சதவீதம். நூறு கிலோ பிடிபட்டால் 62 கிலோ கடலுக்கு, 38 கிலோ கரைக்கு. கரைக்கு 100 கிலோ வந்திருந்தால் கொட்டியது 163 கிலோ. சதவீதத்தின் அடியைப் பார்க்காமல் பெருக்கியவர் 62 கிலோ என்று எழுதி வைத்திருப்பார்.

உலகக் கணக்கிலேயே இந்த மாதிரிக் குழப்பம் நடந்திருக்கிறது. 1994இல் உணவு விவசாய நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, உலகக் கடலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 27 மில்லியன் தொன் கொட்டப்படுகிறது என்றது. 2005இல் கெல்லெஹெரின் எண் 7.3 மில்லியன் தொன், மொத்தப் பிடியில் 8 சதவீதம். 2019இல் வந்த மூன்றாவது ஆய்வு 9.1 மில்லியன் தொன், 10.8 சதவீதம் என்றது. மூன்றையும் ஒரு கோட்டில் வைத்தால், பத்து வருடத்தில் உலகம் திருந்தி, பிறகு கொஞ்சம் வழுக்கியது போலத் தெரியும். கொட்டுவது உண்மையிலேயே குறைந்தும் இருந்தது. முன்பு வீசிய மீனுக்கு ஆசியாவில் தீவனச் சந்தை வந்துவிட்டது. ஆனால் 27க்கும் 7.3க்கும் இடையிலான இடைவெளியில் பெரும் பங்கு, கணக்குப் போட்ட முறை மாறியதால் வந்தது. இப்படியான இரண்டு எண்ணை ஒப்பிட்டு “இத்தனை சதவீதம் குறைந்தது” என்று எழுதும் செய்தியை நான் நம்புவதில்லை. முறை ஒன்றா என்று முதலில் பார்ப்பேன்.

நம் மாவட்டத்துக்கு இதைச் செய்வதானால் வலைவாரியாகப் பிரிக்காமல் தொடங்கவே கூடாது. கரைவலைக்கு ஒரு விகிதம், நண்டு வலைக்கு ஒன்று, சுருக்குவலைக்கு ஒன்று, பலநாள் படகுக்கு ஒன்று. தூண்டிலுக்கு மிகச் சின்னது. காலமும் பிரிக்க வேண்டும். மாரியில் வாடைக்காற்று எழும்பினால் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துத் திறந்த கடலில் தொழில் படுத்துவிடும். கொட்டியாரக் குடாவும் உட்துறைமுகமும் ஒதுக்கான இடம், அங்கே தொழில் ஓரளவு நடக்கும். ஆடி மாதம் குச்சவெளியில் எடுத்த சராசரியைப் பன்னிரண்டால் பெருக்கினால் கற்பனைக் கடல்தான் கிடைக்கும். தென்மேல் பருவத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி அடித்துத் தொழில் செய்பவர்களையும் மறக்கக்கூடாது. படகின் பதிவு வேறு மாவட்டத்தில் இருக்கும், மீன் நம் கரையில் இறங்கும். பதிவுப் புத்தகத்தில் உள்ள படகுகளை மட்டும் எண்ணினால் அவர்கள் தவறிப்போவார்கள்.

கறிக்கு எடுத்துப்போகும் மீன் என்று ஒன்றும் இருக்கிறது. ஏலம் கூறுவதற்கு முன்பே படகில் போனவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வார்கள். இதை மதிப்பிடுவது ஒப்பீட்டளவில் சுலபம், ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவார்கள். ஆட்கள், நாட்கள், கிலோ மூன்றையும் பெருக்கினால் வந்துவிடும்.

பொழுதுபோக்குத் தூண்டில்

இதற்கு வரையறையே முதல் தலைவலி. விற்பனைக்கும் இல்லாமல், அடிப்படைச் சாப்பாட்டுக்கு அதை நம்பியும் இல்லாமல் பிடிப்பதே பொழுதுபோக்கு மீன்பிடி என்று உணவு விவசாய நிறுவனம் சொல்கிறது. உப்புவெளி ஹோட்டலில் தங்கி, படகு வாடகைக்கு எடுத்துப் பெரிய பாரைக்கு றோட் (கோல் தூண்டில்) போடும் வெளிநாட்டுக்காரர் சந்தேகமில்லாமல் இதற்குள் வருவார். ஆனால் கந்தோர் முடிந்து, மாலையில் கயிற்றுத் தூண்டிலோடு கடற்கரைக்குப் போய், இரண்டு விளைமீனும் ஒரு முரலும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்? அவருக்கு அது பொழுதுபோக்கும்தான், இரவுக் கறியும்தான். நல்ல பாடு கிடைத்த அன்று பக்கத்து வீட்டுக்கு இரண்டு விற்றால்? இங்கே எந்தப் பெட்டியில் போடுவது என்று தலையை உடைப்பதைவிட, ஏதோ ஒரு பெட்டியில் ஒரே ஒரு தரம் விழும்படி பார்த்துக்கொள்வது முக்கியம். இரண்டிலும் விழக்கூடாது, இரண்டிலிருந்தும் நழுவக்கூடாது.

மதிப்பிடும் முறை அடிப்படையில் ஒரே பெருக்கல்தான்: எவ்வளவு நேரம் தூண்டில் போட்டார்கள், மணிக்கு எவ்வளவு பிடிபட்டது. தூண்டில்காரருக்குத் துறைமுகம் கிடையாது, அவர்கள் எங்கும் இருப்பார்கள். அதனால் ஒருவர் நாளின் வெவ்வேறு நேரங்களில், குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, குறிப்பிட்ட கரையை ஒரு சுற்றுச் சுற்றி அந்தக் கணத்தில் தண்ணீரில் கிடக்கும் தூண்டில்களை எண்ணுவார். மறுபடியும் கற்பனை எண்: விடுமுறை நாளில் சராசரி 30 தூண்டில், தொழில் நடப்பது 6 மணித்தியாலம், ஆக 180 தூண்டில் மணி. மணிக்குக் கால் கிலோ என்றால் நாளுக்கு 45 கிலோ. வருடத்தில் 110 விடுமுறை நாள் என்றால் ஏறக்குறைய 5 தொன். வேலை நாளில் 8 தூண்டில்தான் என்று வைத்தால் நாளுக்கு 12 கிலோ. 255 நாளுக்கு 3 தொன். மொத்தம் 8 தொன். ஞாயிறு மட்டும் போய் எண்ணி 365ஆல் பெருக்கியிருந்தால் 16 தொன் என்று இரட்டித்திருக்கும்.

விசாரிக்கும்போது வேறு பொறிகள் உண்டு. சுற்றி வருபவர் கண்ணில் அதிக நேரம் நிற்பவர்தான் அதிகம் படுவார். அரை மணியில் நல்ல மீன் கிடைத்து வீட்டுக்குப் போனவர் படமாட்டார். அடிக்கடி வருகிற ஆர்வக்காரர் பேட்டியில் கூடுதலாக விழுவார், வருடத்துக்கு ஒரு தரம் வருபவர் விழவே மாட்டார். “போன மாதம் எத்தனை தரம் வந்தீர்கள்” என்றால் பத்து, பதினைந்து, இருபது என்று உருட்டிய எண்ணில்தான் பதில் வரும்; பதின்மூன்று என்று யாரும் சொல்வதில்லை. விட்ட மீனின் நீளம் வருடாவருடம் வளரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கேள்வியின் வரிசைகூட எண்ணை மாற்றும். அமெரிக்கா 1979இலிருந்து கடல் தூண்டில்காரரைக் கணக்கெடுத்து வருகிறது. உலகில் இதில் அதிகம் அனுபவப்பட்ட நாடுகளில் ஒன்று. தொலைபேசி விசாரிப்பை விட்டுத் தபால் படிவத்துக்கு மாறியபோது எண் கூடியது. அந்தப் படிவம் கடந்த இரண்டு மாதத்தில் எத்தனை தரம் மீன்பிடிக்கப் போனீர்கள் என்று முதலில் கேட்டு, பிறகு பன்னிரண்டு மாதத்தைப் பற்றிக் கேட்டது. வரிசையை மாற்றி, வருடத்தை முதலில் கேட்டுப் பார்த்தார்கள். கரையிலிருந்தும் சொந்தப் படகிலிருந்தும் பிடிக்கப் போன தடவைகளின் மதிப்பீடு பொதுவாக 30 முதல் 40 சதவீதம் குறைந்து வந்தது. 2023இல் அதை அந்த நாட்டுக் கடல் நிறுவனமான நோவா தானே வெளியிட்டது. அத்தனை பணமும் ஆளும் உள்ள இடத்தில் இப்படி என்றால், நம் ஊரில் ஒரு மாணவர் கையில் படிவத்தோடு போய் எடுத்துவரும் எண்ணை எவ்வளவு நிதானமாகப் பார்க்க வேண்டும்!

ஹோட்டல் பக்கம் பரவாயில்லை. சுற்றுலாக்காரரை ஏற்றிப் போகும் படகுகள் கைவிரலால் எண்ணி முடிக்கக்கூடியவை அல்ல என்றாலும், யார் யார் என்று ஊருக்குத் தெரியும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரையான பருவத்தில் தினமும் ஒரு வரி எழுதித் தரச் சொன்னால் மாதிரி எடுக்காமலே முழுக் கணக்கும் கிடைக்கும்.

பிடித்து விடும் பழக்கம் அங்கே உண்டு. விட்ட மீன் பிழைத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? தூண்டிலில் பட்டு விடப்பட்ட மீன்களின் சாவு பற்றிய பல ஆய்வுகளை 2005இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி 18 சதவீதமும், இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 11 சதவீதமும் வந்தன. கொக்கி வாயில் குத்தியதா, உள்ளே விழுங்கியதா, எவ்வளவு ஆழத்திலிருந்து இழுத்தார்கள் என்பதைப் பொறுத்து மிகவும் மாறும். ஆழத்தில் வாழும் கலவாயை வேகமாக மேலே இழுத்தால் காற்றுப்பை உப்பி, விட்டாலும் கீழே போகமுடியாமல் மிதக்கும். வலைக்காரர் கொட்டிய மீனுக்குச் சாவை எண்ணிவிட்டு, றோட்காரர் விட்ட மீனுக்குப் பூச்சியம் போடுவது நியாயமில்லை.

இத்தனை சிரமப்படத் தகுந்த அளவா இது? உலகம் முழுவதற்கும் 2020இல் வந்த ஒரு மதிப்பீடு, கடல் பொழுதுபோக்கு மீன்பிடி 2014இல் ஏறக்குறைய 900,000 தொன் என்றது. உலகப் பிடியில் ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. மொத்தத்தைப் பார்த்தால் அற்பம். ஆனால் தூண்டில்காரர் எல்லா மீனையும் சமமாகப் பிடிப்பதில்லை, அறுக்குளா, பாரை, கலவாய் என்று பெரிய மீன் பக்கம்தான் கண். மெக்சிக்கோ வளைகுடாவில் சிவப்பு ஸ்னாப்பர் மீனில் அமெரிக்கா ஒதுக்கும் அளவில் ஏறத்தாழப் பாதி பொழுதுபோக்குக்காரருக்குப் போய்வந்திருக்கிறது.

பழைய வருடங்களை நிரப்புவது

இதுவரை இன்றைய கடலைப் பற்றிப் பேசினோம். 1950க்கும் 1970க்கும் என்ன செய்வது? அப்போது யாரும் கொட்டியதை எழுதவில்லை, தூண்டில்களை எண்ணவும் இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் டேனியல் பாலியும் டர்க் ஸெல்லரும் நடத்திய ஆய்வுக் குழு உலக நாடுகள் அனைத்துக்கும் இதைச் செய்து பார்த்தது. முறை விளங்குவது சுலபம். முதலில் அரசாங்க எண்ணை வைத்துக்கொள்வது. அதில் எந்தெந்தத் தொழில் விடுபட்டது என்று பார்ப்பது. பிறகு பழைய அறிக்கை, பல்கலைக்கழக ஆய்வு, வீட்டு நுகர்வுக் கணக்கு, வயதான தொழிலாளரின் நினைவு என்று எங்கெல்லாம் ஏதாவது ஓர் எண் உண்டோ அதைத் தேடி எடுப்பது. அப்படிக் கிடைக்கும் ஆண்டுகள் நங்கூரப் புள்ளிகள். இரண்டு நங்கூரத்துக்கு இடையே உள்ள வருடங்களைக் கோடு போட்டு நிரப்புவது.

2016இல் வெளிவந்த அவர்களின் முடிவின்படி, 1996இல் உலகப் பிடி 130 மில்லியன் தொன். உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணையில் அதே ஆண்டு 86 மில்லியன் தொன். கொட்டியது, வீட்டுக்குப் போனது, பொழுதுபோக்கு, அறிவிக்காதது எல்லாம் சேர்ந்த வித்தியாசம் அது. சிலர் இந்த முறையைக் கடுமையாக விமர்சித்தும் இருக்கிறார்கள். இரண்டு புள்ளியை வைத்து அறுபது வருடத்தை நிரப்புகிறீர்களே என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனாலும் வெறும் கட்டத்தைவிட, எப்படி வந்தது என்று எழுதிவைத்த ஓர் எண்ணைத் திருத்துவது சுலபம் என்பதால் நான் இந்தப் பக்கம்தான் நிற்பேன்.

கோடு போடுவதில் உள்ள ஆபத்தைத் திருகோணமலையை வைத்துக் காட்டுவது போல வேறு ஊரை வைத்துக் காட்ட முடியாது. 1980க்கு ஓர் எண், 2012க்கு ஓர் எண் கிடைத்தது என்று வைப்போம். நடுவே நேர்கோடு போட்டால், முப்பத்திரண்டு வருடமும் தொழில் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது என்று ஆகும். உண்மையில் நடந்தது என்ன? 1983இலிருந்து போர். பாஸ் (அனுமதிச் சீட்டு) இல்லாமல் கடலுக்குப் போகமுடியாத காலம், இரவுத் தொழிலே நின்றுபோன காலம், ஊரோடு இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி. அடுத்த வருடம் நாட்டின் கடல்மீன் பிடியே ஏறக்குறைய பாதியாக விழுந்தது. 2009இல் போர் முடிந்த பின் படகுகள் திரும்பின, ஹோட்டல்கள் எழும்பின, உல்லாசத் தூண்டில் வந்தது. நேர்கோடு இதில் எதையும் அறியாது. ஆள் கடலுக்குப் போகாத வருடத்துக்கும் அது மீனைக் கொட்டிக்கொண்டிருக்கும். வெளிநாட்டுக்காரர் எட்டிப்பார்க்காத கரையில் றோட் போட வைக்கும்.

ஆகவே இங்கே நங்கூரத்துக்கு நடுவே எண்ணுக்குப் பதிலாக முயற்சியை நிரப்ப வேண்டும். எந்த வருடம் எத்தனை படகு, எத்தனை நாள், எந்தக் கடல் திறந்திருந்தது என்று முதலில் பட்டியல் போட்டுவிட்டு, அதன்மேல் படகு நாளுக்கான சராசரியை வைப்பது. முயற்சி விழுந்த இடத்தில் மதிப்பீடும் தானாக விழும். இந்தப் பட்டியலைப் போடக் கணினியைவிட ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்தில் உள்ள மூத்தவர்கள் உதவுவார்கள். எத்தனை கிலோ பிடித்தோம் என்பதை மறந்திருப்பார்கள்; எந்த மாதம் கடல் பூட்டியிருந்தது என்பதை மறந்திருக்கமாட்டார்கள்.

வருகிற விடை ஒற்றை எண்ணாக இருக்கக்கூடாது. 50 தொன் என்று மட்டும் எழுதாமல், 30க்கும் 90க்கும் இடையில், பெரும்பாலும் 50 அளவில் என்று எழுத வேண்டும். உணவு விவசாய நிறுவனத்தின் 9.1 மில்லியன் தொன்னுக்கே 6.7 முதல் 16.1 வரை என்று எல்லை கொடுத்திருக்கிறார்கள். எல்லை மேல்பக்கம் அதிகம் நீண்டிருப்பதைக் கவனியுங்கள். குறைவாகக் கொட்டினால் பூச்சியம் வரைதான் இறங்கமுடியும், கூடினால் எல்லை தூரம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். ஒரு வருடம் திருகோணமலையில் கொட்டியதையும் தூண்டிலில் பட்டதையும் எண்ணத் தொடங்கி, கிடைத்ததை வழமையான எண்ணோடு நேராகக் கூட்டிவிட்டால் என்ன ஆகும்? அந்த வருடம் வரைபடம் துள்ளி எழும்பும். மீன் பெருகியது போல, தொழில் வளர்ந்தது போலத் தெரியும். உண்மையில் வளர்ந்தது கணக்கெடுப்பு மட்டும். கடலில் மீன் குறைந்துகொண்டிருந்தால்கூட அந்தத் துள்ளல் அதை மறைத்துவிடும். பல நாடுகளின் அட்டவணையில் இப்படி நடந்திருக்கிறது என்று பாலியும் ஸெல்லரும் எச்சரித்திருக்கிறார்கள். அதனால் புதிதாக எண்ணியதை அட்டவணையில் தனி நிரலில் போட வேண்டும். பழைய வருடங்களுக்கும் அதே முறையில், எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், பின்னோக்கி நிரப்பிய பிறகே இரண்டு நிரலையும் கூட்ட வேண்டும்.